கணவாயில் பனி தள்ளியது யார்

முதல் பாகத்தின் முதல் பக்கத்தில் ஒரு வரைபடம்.
மலைகளுக்குப் பெயர் உண்டு, ஆறுகளுக்கு உண்டு,
சபிக்கப்பட்ட ஒரு சதுப்பு நிலத்துக்கு மூன்று பெயர்.
சாலைகளுக்குத்தான் இல்லை.
எனக்கு அப்போதே எரிச்சல்.

நான் கயானி நகராட்சியில்
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன். இருபத்து மூன்று குளிர்காலம்.
நாற்பதாம் பக்கத்தில்
எட்டாயிரம் வீரர்கள் ஒரே இரவில், ஒரே பத்தியில்
கணவாயைக் கடந்தபோது
புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக்
காப்பி போட எழுந்தேன்.
முழங்கால் அளவு பனி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.
தள்ளியது யார்? எத்தனை மணிக்கு?
மந்திரத்தால் என்றால் அதையாவது சொல்லியிருக்கலாம்,
மந்திரவாதிக்குக் கூடுதல் நேரச் சம்பளம் உண்டா என்றும்.

எழுந்தவள் திரும்பி வந்தேன்.
காப்பி ஆறியது தெரியவில்லை.

நூலகத்தில் இளையோர் பகுதி தரைத்தளத்தில்.
உட்கார மூட்டை மூட்டையாய் இருக்கைகள்;
உட்கார்ந்தால் என்னால் எழ முடியாது.
நின்றபடியே எடுத்து நின்றபடியே பதிகிறேன்.
"மகளுக்கா?" என்றான் வெய்யோ, பணிமனையில்.
எனக்கு மகள் இல்லை.
"வண்டிக்கு" என்றேன்.

உண்மையும் அதுதான். கேட்க ஆளில்லாத கருத்துகளை
வண்டியிடம்தான் சொல்கிறேன்:
சாம்பல் கண்களோடு ஒருவன், கன்னத்தில் வடுவோடு ஒருவன்,
யார் யார் என்று நூற்றெழுபது பக்கம் அவள் தவிக்கிறாள்.
ரெண்டு பேருமே வேண்டாம் பெண்ணே,
படகுத்துறைச் சமையல்காரனைப் பார்,
நீ சாப்பிட்டாயா என்று கேட்டவன் அவன் ஒருவன்தான்.
அப்புறம், அந்த நாட்டில் நாற்பது தாண்டியவர்களுக்கு
ஒன்பதாம் அத்தியாயத்தில் சாவதைத் தவிர வேறு வேலை கிடையாது.
எனக்கு ஐம்பத்திரண்டு. பதினோராம் அத்தியாயத்தில்
டீசல் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு இரண்டாம் பாகம், அந்த இடம்.
முகம் மாற்றிக்கொண்டு வீடு திரும்புகிறவளிடம்
தங்கை கதவைப் பாதி திறந்து,
"யாரைத் தேடுறீங்க?" என்கிறாள். மரியாதையாக.
என் அண்ணன் ரைமோ, ஒரு மார்ச் மாதம், மருத்துவமனைக் கட்டிலிலிருந்து
அதே மரியாதையோடு
சரி, அதை எழுத உட்காரவில்லை.

ஒரு டிராகன் புத்தகத்துக்கு இந்த வேலை எதற்கு?
நான் டிராகனுக்காகத்தான் வந்தேன்.
வண்டியை ஓரம் கட்டிவிட்டு
வைப்பர் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்தேன்.

அந்தப் பாகத்தின் கடைசி வரியில்
உறைந்த ஆறு உடைந்து கிழட்டுக் குதிரை உள்ளே விழுகிறது.
அதோடு அட்டையை மூடிவிடுகிறார்கள்.
மூன்றாம் பாகத்துக்கு வரிசையில் நான் பதினெட்டாவது ஆள்.

ஜனவரி. காலை ஆறு நாற்பது. மைனஸ் இருபத்தாறு.
பேருந்து நிறுத்தத்தில் ஒருத்தி,
கையுறையைப் பல்லால் கழற்றிப் பக்கம் திருப்புகிறாள்.
நீல அட்டை. தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.
வேகத்தைக் குறைத்துத் தகட்டைத் தூக்கினேன்,
இல்லாவிட்டால் அவளும் கதையும் பனிக்குள்.
கண்ணாடியை இறக்கிக் கத்தினேன்:
"குதிரை இருக்கா?"

ஒரு காதிலிருந்து எதையோ கழற்றினாள்.
என் வண்டியின் மஞ்சள் விளக்கு சுழன்று
அவள் முகத்தில் வந்து வந்து போனது.
ஆரஞ்சு உடுப்பில் ஒரு தடித்த பொம்பளை
விடியுமுன் குதிரையைப் பற்றிக் கேட்கிறாள்;
அவள் சிரிக்கவில்லை.
பக்கத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"இருக்கு."

கொஞ்சம் தாமதமாகச் சொன்னாள்.

அந்த வயதில் நானாயிருந்தால்
உண்மையைச் சொல்லியிருப்பேன், வேண்டுமென்றே.

நிறுத்தத்தின் இருபுறமும் தள்ளினேன்.
என் பட்டியலில் இல்லாத வேலை; ஏழு மணிக்கு நடைபாதை வண்டி வரும்.
பேருந்தின் கதவு தடங்காமல் திறக்கட்டும் என்று.
வரிசையில் எனக்கு முன் இன்னும் பதினேழு பேர்.
அதுவரைக்கும் இருக்கு.